கார் ரிமோட் சாவி: பையில் தானாக அழுந்துவதும், அழுத்தினால் திறக்காததும் – கடற்கரைப் பக்கம் கார் ஓட்டுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரத்தில் கூட்டம் உள்ள நாளில் கார் நிறுத்துமிடத்தைக் கொஞ்ச நேரம் கவனித்தால் இதைப் பார்க்கலாம். பக்கத்தில் ஆளே இல்லாத கார் ஒன்று திடீரென்று இண்டிகேட்டரைச் சிமிட்டி, டக்கென்று கதவு லாக்கை விட்டுவிடும். காருக்குச் சொந்தக்காரர் ஐம்பது அடி தள்ளி இளநீர் குடித்துக்கொண்டிருப்பார். சாவி அவர் பேன்ட் பையில் செல்போனுக்கும் தொடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும். அதே வரிசையில் இன்னொருவர் தன் காருக்கு நாலடி தூரத்தில் நின்று பட்டனை மாறி மாறி அழுத்துவார், கார் அசையாது.

முதலாமவருக்குத் தூரம் குறைந்தால் தேவலை, இரண்டாமவருக்குக் கூடினால் தேவலை. ஆனால் ரிமோட்டின் தூரம் கூடக் கூட, தெரியாமல் அழுந்தி வரும் வம்பும் கூடும். அதனால் நான் சொல்லப்போகும் அளவு இதுதான்: கார் கண்ணில் படும் தூரத்தில் ஒரே அழுத்தில் திறக்க வேண்டும், கண்ணில் படாத தூரத்தில் திறக்கவே கூடாது. அதற்கு மேல் தூரம் தேடுவது வீண் வேலை.

முதலில், சாவிக்குள் என்ன இருக்கிறது

ஒரு சாவிக்குள் இரண்டு அல்லது மூன்று தனித்தனி ரேடியோக்கள் இருக்கின்றன. எது கெட்டது என்று தெரியாமல் பேட்டரியை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய.

பட்டனை அழுத்தினால் வேலை செய்வது முதல் ரேடியோ. இந்தியாவில் விற்கும் பெரும்பாலான கார்களில் இது 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசும். அந்த அலையின் நீளம் சுமார் 69 சென்டிமீட்டர். அதற்கு ஒழுங்கான ஆன்டெனா வைத்தால் ஏறக்குறைய ஒரு சாண் நீளம் வேண்டும். சாவிக்குள் இடம் ஏது? சர்க்யூட் போர்டின் ஓரத்தில் ஓடும் ஒரு செம்புக் கோடுதான் ஆன்டெனா. இப்படி முடங்கிக் கிடப்பதால்தான் பிடிக்கும் விதம், உடம்பின் நிலை, நடுவில் நிற்கும் பஸ் எல்லாமே தூரத்தை மாற்றுகின்றன. பல கார்களின் கையேட்டில் 10 முதல் 30 மீட்டர் வரை என்று போட்டிருப்பார்கள்.

இரண்டாவது, ஸ்மார்ட் கீ, அதாவது பையிலிருந்து எடுக்காமலே கதவைத் திறக்கும் சாவி, உள்ள கார்களுக்கு. கைப்பிடியைத் தொட்டதும் கார் தாழ்ந்த அதிர்வெண்ணில், 125 கிலோஹெர்ட்ஸ் அளவில், 'சாவி இருக்கிறதா?' என்று கேட்கும். இது ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு மேல் எட்டாது; வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, இம்மொபிலைசர் சிப். சரியான சாவி இல்லாமல் இன்ஜின் கிளம்பாதபடி பார்த்துக்கொள்வது இதுதான். இதற்குப் பேட்டரியே வேண்டாம். கார் அனுப்பும் காந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். செல் செத்துப்போன சாவியாலும் காரைக் கிளப்ப முடிவது இதனால்தான். தனுஷ்கோடியில் மாட்டிக்கொண்டால் காப்பாற்றப் போவதும் இந்த சிப்தான். அதைப் பின்னால் பார்ப்போம்.

படி 1: உங்கள் கார் எப்படிப் பதில் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஒவ்வொரு பட்டனையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். லாக் ஆனால் இண்டிகேட்டர் எத்தனை முறை சிமிட்டுகிறது? அன்லாக் ஆனால் எத்தனை? கண்ணாடிகள் மடிகின்றனவா? கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் இது மாறும். ஒரு கதவை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு லாக் அழுத்துங்கள். பல கார்கள் சிமிட்டாது, அல்லது பீப் அடித்துக் காட்டிக்கொடுக்கும். இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அடுத்து, அன்லாக் பட்டனை சில நொடி அழுத்திப் பிடியுங்கள். சில கார்களில் நாலு ஜன்னல் கண்ணாடிகளும் இறங்கிவிடும். வெயிலில் நின்ற காரில் வெக்கையை வெளியேற்றக் கொடுத்த வசதி அது. ஆனால் பையில் சாவி அழுந்தியே கிடந்தால், தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நிறுத்திய காரின் சீட்டில் மணலும் உப்புத் தண்ணீர்ச் சாரலும் குடியேறிவிடும். உங்கள் காரில் இது இருந்தால், திரை மெனுவிலோ சர்வீஸ் சென்டரிலோ நிறுத்த வழி இருக்கிறதா என்று கேளுங்கள். நம் பக்கத்துக் காற்றுக்கு அதை நிறுத்தி வைப்பதே மேல் என்பது என் கருத்து.

மூன்றாவதாக, அன்லாக் செய்துவிட்டு எந்தக் கதவையும் திறக்காமல் காத்திருங்கள். பல கார்கள் சுமார் 30 நொடியில் தாமாகவே மறுபடி லாக் ஆகும். தெரியாமல் அழுந்துவதற்கு எதிராகக் கார் கம்பெனிகளே வைத்த பாதுகாப்பு இது. உங்கள் காரில் இருக்கிறதா, எத்தனை நொடி என்று பார்த்துவிடுங்கள். ஆனால் டிக்கியைத் திறக்கத் தனிப் பட்டன் இருந்தால் அதையும் சோதியுங்கள். பட்டனை அழுத்தியதும் டிக்கி மூடி எழும்பிவிட்டால், அதை எந்த மறு லாக்கும் இறக்கி மூடாது.

படி 2: தூரத்தை ஒரு முறை அளந்து வையுங்கள்

அரியமான் கடற்கரை மாதிரி வெட்டவெளி உள்ள இடம் இதற்கு நல்லது. பக்கத்தில் வேறு வண்டிகள் இல்லாமல் காரை நிறுத்தி, ஒருவரைக் கார் அருகே நிற்கச் சொல்லுங்கள். சாவியை மார்பு உயரத்தில் பிடித்து, பத்துப் பத்து அடியாகப் பின்னால் நடந்து, ஒவ்வொரு நிலையிலும் லாக், அன்லாக் இரண்டையும் அழுத்துங்கள். மூன்று அழுத்தில் ஒன்று தவறத் தொடங்கும் இடமே உங்கள் உண்மையான எல்லை. எப்போதாவது அதிர்ஷ்டத்தில் எட்டிய தூரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இதைக் காரின் முன்பக்கம், பின்பக்கம், இரு பக்கவாட்டிலும் செய்யுங்கள். ரிசீவர் காருக்குள் ஏதோ ஒரு மூலையில் இருக்கும், அதனால் நாலு பக்கமும் ஒரே தூரம் வராது. இரண்டாவது சாவி இருந்தால் அதையும் அதே இடத்தில் சோதியுங்கள். இதுதான் இந்தப் படியிலேயே முக்கியமான வேலை. ஒரு சாவி எட்டி மற்றது எட்டாவிட்டால் கோளாறு சாவியில். இரண்டுமே எட்டாவிட்டால் சந்தேகம் கார் மீதோ அந்த இடத்தின் மீதோ போக வேண்டும்.

சாவியைத் தாடைக்கு அடியில் வைத்து அழுத்தினால் தூரம் கூடும் என்று சொல்வார்கள். கட்டுக்கதை இல்லை. தலையில் உள்ள நீர்ச்சத்து அந்தக் குட்டி ஆன்டெனாவோடு சேர்ந்து அலையை வெளியே அனுப்ப உதவுகிறது. தண்ணீர் நிரம்பிய பாட்டிலில் ஒட்டி வைத்தும் சிலர் இதையே செய்கிறார்கள். சாவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாலும் கொஞ்சம் கூடும். பஸ்களுக்கு நடுவே காரைத் தேடும்போது கை கொடுக்கும் வித்தை, அவ்வளவே.

படி 3: தூரம் குறைந்துவிட்டால்

முதல் சந்தேகம் பட்டன் செல், அதாவது சாவிக்குள் இருக்கும் வட்டப் பேட்டரி மீது. சாவியின் உள்ளே சி.ஆர். 2032, 2025, 1620 என்று ஏதாவது எழுதியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் விட்டம் மில்லிமீட்டரில். அடுத்த இரண்டு தடிமன். அதாவது 2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன். 2025-க்குப் பதில் 2032-ஐத் திணித்தால் மூடி சரியாகப் பொருந்தாது, தகடும் வளையும். 2032-க்குப் பதில் 2025-ஐப் போட்டால் தொடர்பு விட்டு விட்டு வரும். கடைக்காரர் "எல்லாம் 3 வோல்ட்தான்" என்பார். வோல்ட் ஒன்றுதான், அளவு ஒன்றல்ல.

மல்டிமீட்டரில் புது செல் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். பழைய செல்லும் சும்மா இருக்கும்போது ஏறக்குறைய அதே அளவைக் காட்டி ஏமாற்றும். பட்டனை அழுத்திச் சுமை ஏறும்போதுதான் சரியும். அதனால் மீட்டரை நம்பி நேரம் கடத்தாமல், நல்ல கம்பெனியின் புது செல்லைப் போட்டுப் பார்ப்பது லேசு. மாற்றிக் கழற்றிய செல்லைக் குழந்தைகள் கையில் படும்படி மேசையில் விடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தால்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

செல்லை மாற்றியும் தேறவில்லையா? மூடியைத் திறந்து செல்லைத் தாங்கும் தகடுகளைப் பாருங்கள். மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் சாவியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருப்பது சகஜம். உப்புக் காற்றும் கை வியர்வையும் சேர்ந்து செய்யும் வேலை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சால் துடைத்து, தகடு தளர்ந்திருந்தால் மிக மெதுவாக நிமிர்த்துங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேல் பூச்சு போனால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பூக்கும்.

புது செல் சில வாரத்திலேயே தீர்ந்தால் அது வேறு கதை. ஏதோ ஒரு பட்டன் உள்ளே முழுதாக மேலெழாமல் சிக்கியிருக்கலாம். ரப்பர் விளிம்பில் மணல் போய் அடைத்திருக்கும், அல்லது போர்டில் உள்ள சின்ன ஸ்விட்ச் தேய்ந்திருக்கும். செல்போன் சர்வீஸ் பார்க்கும் கடைகளில் அந்த ஸ்விட்சை மாற்றிச் சால்டர் வைத்துத் தரக்கூடியவர்கள் இருக்கிறார்கள். முழுச் சாவியை மாற்றும் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஸ்மார்ட் கீ என்றால் டி.வி., கணினி, வயர்லெஸ் சார்ஜர் பக்கத்தில் இரவு முழுக்க வைப்பதும் செல்லைக் குடிக்கும். வீட்டில் சாவி மாட்டும் ஆணி கார் நிற்கும் சுவரை ஒட்டி இருந்தாலும் அப்படித்தான். காரும் சாவியும் ராவெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்.

சில இடத்தில் மட்டும் வேலை செய்யாமல் போனால் சாவியைக் குறை சொல்லாதீர்கள். 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வயர்லெஸ் காலிங் பெல், கேட் ரிமோட், மலிவான எச்சரிக்கைக் கருவிகள் என்று பலதும் பேசுகின்றன. அவற்றில் ஒன்று கெட்டுப்போய்த் தொடர்ந்து கத்தினால் சுற்றியுள்ள எல்லாக் கார்களின் காதும் அடைத்துவிடும். பக்கத்துக் கார்க்காரரையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கும் திறக்காவிட்டால் காரை ஒட்டி நின்று அழுத்துங்கள், அல்லது சாவியால் திறந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். வேண்டுமென்றே இப்படி அலையை அடைக்கும் திருட்டும் உண்டு. லாக் அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பவரின் கார் பூட்டாமலே நிற்கும். அதனால் சிமிட்டலைக் கண்ணால் பார்த்த பிறகே நகருங்கள். கைப்பிடியை இழுத்துப் பார்க்கலாம் என்றால், ஸ்மார்ட் கீ சட்டைப் பையில் இருக்கும்போது தொட்டதுமே அது திறந்துவிடும். சாவியைக் கூட வந்தவரிடம் கொடுத்துப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி இழுத்துப் பாருங்கள்.

படி 4: தெரியாமல் அழுந்துவதைத் தடுப்பது

இறுக்கமான ஜீன்ஸின் முன்பையே முதல் குற்றவாளி. உட்காரும்போதும் வண்டிக்குள் ஏறும்போதும் துணி இழுபட்டுப் பட்டனை அழுத்தும். வேட்டி மடியில் செருகிக்கொள்பவர்களுக்கும் இதே பாடுதான், குனிந்தால் போதும். பட்டன் இருக்கும் பக்கம் உடம்பைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்தால் கொஞ்சம் குறையும். செல்போனும் சாவியும் ஒரே பையில் போகக் கூடாது என்பதை மட்டும் விடாப்பிடியாகக் கடைப்பிடியுங்கள். இறுக்கம் ஒருபுறம், போனின் அருகாமை ஸ்மார்ட் கீயின் தாழ் அதிர்வெண் பேச்சையும் குழப்பும்.

உறைகளில் மெல்லிய சிலிகான் உறை அழகுக்குத்தான். பட்டனைத் தடுக்காது, சிலது இறுக்கமாக இருந்து தானே அழுத்தும். பட்டன் மேல் மூடி மடங்கும் கெட்டியான தோல் உறையோ, பட்டனைச் சுற்றி விளிம்பு உயர்ந்த கடினப் பிளாஸ்டிக் உறையோ வாங்குங்கள். முழு உலோகக் கூடு வேண்டாம், அது அலையையும் அடைக்கும். அலையை அடைக்கும் பை வேறு. ஸ்மார்ட் கீயின் அலையைத் தூரத்திலிருந்து நீட்டித் திருடுவதற்கு எதிராக விற்பது. அதில் வைத்தால் பட்டன் அழுந்தினாலும் காருக்குக் கேட்காது, ஆனால் செல் மட்டும் தீரும்.

இன்னொரு பின்விளைவு உண்டு. ஒவ்வொரு அழுத்தலுக்கும் சாவி புதுக் குறியீட்டை அனுப்பி, உள்ளே ஒரு எண்ணிக்கையை ஏற்றிக்கொள்ளும். கார் தன் எண்ணிக்கைக்குச் சற்று முன்னே போயிருக்கும் சாவியை ஏற்கும். காருக்கு எட்டாத ஊரில், குழந்தை கையில் விளையாட்டுச் சாமானாகக் கிடந்து நூற்றுக்கணக்கான முறை அழுந்தினால், இரண்டின் கணக்கும் ரொம்பவே விலகிவிடலாம். அப்போது காரின் பக்கத்தில் நின்று அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். பல அமைப்புகள் அதிலேயே ஒத்துப்போகும். சிலவற்றில் சாவியால் இக்னிஷனைப் போட்டபின் ஒத்துப்போகும், முறை கையேட்டில் இருக்கும். உடனே "ரிமோட் போச்சு" என்று புதிது வாங்க ஓடாதீர்கள்.

இனி, 22 தீர்த்தம். அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, அப்படியே ஈரத்தோடு கோயிலுக்குள் கிணறு கிணறாக வாளித் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் நாளில் "மாமா, கார் சாவி யார்கிட்ட?" என்ற கேள்வி கடலில் இறங்கிய பிறகுதான் வரும். குளிக்காமல் துணிமணியோடு உட்காரும் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் சாவி அவரிடம். யாருமில்லாவிட்டால் செல்போனுக்கு விற்கும், கழுத்தில் மாட்டும் நீர்புகாப் பையில் போடுங்கள். காற்றை முழுக்க அழுத்தி எடுத்துவிட்டுப் பூட்டாதீர்கள். கொஞ்சம் காற்று மெத்தை போல இருந்தால்தான் பை பட்டனை நசுக்காது. பட்டன் பக்கம் ஒரு தடித்த அட்டையை வைப்பது இன்னும் நல்லது. கடலுக்குள் முங்கியிருக்கும்போது பட்டன் அழுந்தினாலும் காருக்கு எட்டாது, உப்புத் தண்ணீர் அந்த அலையை விழுங்கிவிடும். தலை வெளியே வந்து கரையேறும்போதுதான் கவனம் வேண்டும்.

பாம்பன் சாலைப் பாலத்தில் இறங்கி எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வண்டியை நிறுத்துவதே இடைஞ்சல். அப்படியும் இறங்கினால் சாவி கையில் இருக்க வேண்டாம். காற்று துண்டையே பறிக்கும் இடம் அது.

படி 5: கடல் தண்ணீரில் விழுந்துவிட்டால்

அழுத்திப் பார்க்கக் கூடாது. உடனே மூடியைத் திறந்து செல்லை வெளியே எடுங்கள். மின்சாரமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் செம்பு கரைகிறது. பிறகு போர்டை நல்ல தண்ணீரில், கிடைத்தால் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில், அலசுங்கள். நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று தோன்றும். உப்பு உள்ளேயே காய்ந்தால் பிறகு ஈரக்காற்று படும்போதெல்லாம் அரிக்கும், அதற்கு இதுவே மேல். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கடைசியாக ஒரு அலசல், பிறகு நிழலில் மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுக்க. அரிசிப் பானை வேண்டாம். மாவும் தூசும்தான் உள்ளே போகும். உச்சி வெயிலில் டாஷ்போர்டு மேல் காய வைப்பதும் வேண்டாம். காய்ந்த பின் புது செல். பட்டன் வேலை செய்யாமல் போனாலும், பூசி மூடிய இம்மொபிலைசர் சிப் பெரும்பாலும் பிழைத்திருக்கும், கார் கிளம்பும்.

படி 6: அரிச்சல்முனையில் கார் திறக்கவில்லை, இப்போது என்ன?

போன் சிக்னலை நம்ப முடியாத இடம். கார் கம்பெனியின் ஆப் வழியாகத் திறக்கலாம் என்றால் காருக்கும் போனுக்கும் நெட்வொர்க் வேண்டும். அதனால் இரும்புச் சாவிதான் வழி. ஸ்மார்ட் கீயின் பக்கத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், அதைத் தள்ளினால் உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி வரும். ஓட்டுநர் கைப்பிடியில் துளை தெரியாவிட்டால் அதன் ஓரத்து மூடிக்குள் இருக்கும். இப்படித் திறந்தால் அலாரம் கத்தலாம், பதற வேண்டாம். உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, செத்த சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டி வைத்து அழுத்துங்கள். சில மாடலில் சாவி வைக்கும் இடம் வேறாக இருக்கும். கையேட்டில் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

திறந்த பிறகு உள் விளக்கும் எரியவில்லை, ஹார்னும் அடிக்கவில்லை என்றால் ரிமோட் பாவம், காரின் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கிறது. அதற்கு ஜம்பர் கேபிளும் இன்னொரு வண்டியும்தான் மருந்து.

இதிலெல்லாம் ஒரு சிக்கல்: வருஷக்கணக்கில் தொடாத கதவுத் துளை உப்புக் காற்றில் இறுகிப் போயிருக்கும். அவசரத்தில் முறுக்கினால் சாவி உடையும். மாதம் ஒரு முறை இரும்புச் சாவியால் திறந்து மூடுங்கள். பூட்டுக்கென்று விற்கும் கிராஃபைட் தூள் கொஞ்சம் போடலாம். தேங்காய் எண்ணெயும் இன்ஜின் ஆயிலும் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேண்டாம். உபரி செல்லைக் காருக்குள் வைப்பவர்கள் உண்டு. பூட்டிய காருக்குள் அது இருந்து யாருக்கு லாபம்? உறை பிரிக்காமல் பர்ஸில் வையுங்கள்.

இரண்டாவது ரிமோட் வாங்கும்போது

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து வரும் மச்சான், மாமாவிடம் ரிமோட் சொல்லி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. வாங்குமுன் பழைய சாவியின் பின்புறத்திலோ போர்டிலோ எழுதியிருக்கும் அதிர்வெண்ணைப் பாருங்கள். அமெரிக்க, ஜப்பானியச் சந்தைக்குச் செய்தவை பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். பார்க்க அச்சு அசலாக நம் சாவி மாதிரியே இருக்கும், 433-க்குக் காது கொடுக்கும் காரோ அதைக் கண்டுகொள்ளாது. பழைய ஸ்மார்ட் கீ என்றால் இன்னொரு தொல்லை: வேறு காருக்கு ஒரு முறை பதிவானவற்றில் பல மறுபடி பதிய மறுக்கும். பதிவு செய்யப் போகும்போது வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போங்கள். சில கார்களில் கூட்டிப் போகாத சாவி அந்தப் பதிவிலேயே அழிந்துவிடும்.